இரண்டாம் குழாயின் அழுத்தம்

புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அந்தப் பிழையைக் கண்டேன். நேரத்தை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே அன்றைக்கு வேறு ஒரு வரியும் இல்லை. இருபத்தாறு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு நாளை அப்படி வெறுமையாக விட்டது அதுவே முதல் தடவை.

கோலாலம்பூருக்குத் தெற்கே ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதே இருபத்தாறு ஆண்டுகளாக எனக்கு வேலை. ஆக்சைடுத் தூள்களை எடை போட்டு, அரைத்து, உலையில் சுட்டு, அச்சில் அழுத்தி வில்லைகளாக்குவேன். மருந்து மாத்திரையைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு வில்லைகள். நான் சேர்ந்த காலத்தில் தாமிர ஆக்சைடு மீக்கடத்திகள் செய்துகொண்டிருந்தோம். திரவ நைட்ரஜனில் முக்கினால் அவற்றில் மின்தடை அடியோடு மறைந்துவிடும். பிறகு மாங்கனீசு ஆக்சைடுகளுக்கு மாறினோம். இவை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்தால் காந்தமாகும். அதே வெப்பநிலையில் மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தத் தொடங்கும். இரண்டு வகையிலும் இங்கே ஆராய்ச்சி செய்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். எலக்ட்ரான் தனியாக ஓடுகிறதா, சுற்றியுள்ள அணுக்களையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறதா?

எனக்கு அது புரிகிற மாதிரி சொன்னவர் டீச்சர். கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை, முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். நான்கு ஆண்டு படிப்பு விடுப்பில் முனைவர் பட்டத்துக்கு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தவர். நான் பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறேன். மாலையில் செர்டாங்கிலிருந்து சென்ட்ரல் வரைக்கும் கொமுட்டர் ரயிலில் ஒன்றாக வருவோம். அங்கிருந்து அவர் கிள்ளான் ரயிலுக்கு மாறிப் போவார்.

"அண்ணே, நீங்க இந்தப் பையோட ட்ரெயின்ல ஏறுறீங்கல்ல, அதான் போலரான்," என்றார் ஒரு நாள். என் பை பெரியது. சாப்பாட்டு அடுக்கு, குடை, மாற்றுச் சட்டை எல்லாம் அதில்தான்.

"எப்படி?"

"நீங்க ஏறினதும் சுத்தி நிக்கிறவங்க கொஞ்சம் ஒதுங்குறாங்க. நீங்க நகர்ந்தா அந்த ஒதுங்கலும் உங்ககூடவே நகருது. எலக்ட்ரானும் அப்படித்தான் லா. அது போற இடத்துல எல்லாம் ஆக்சிஜன் அணுக்கள் அசைஞ்சு இடம் விடணும். அந்த நெளிவையும் தூக்கிட்டுத்தான் அது அடுத்த இடத்துக்குப் போகணும். ரெண்டையும் சேர்த்து ஒரே ஆளா எண்ணிக்குங்க. அதுக்குத்தான் போலரான்னு பேரு."

"சுத்தி நிக்கிறவங்க குண்டா இருந்தா?"

"மெதுவாத்தான் ஒதுங்குவாங்க. நீங்களும் மெதுவாத்தான் போகணும். அதான் என்னோட மூணாவது அத்தியாயம்."

பக்கத்தில் நின்ற பருமனான ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது அத்தியாயத்தின் சோதனை இதுதான். ஒரே வில்லையை இரண்டாக அறுக்க வேண்டும். ஒரு துண்டைச் சாதாரண ஆக்சிஜன் நிரப்பிய குவார்ட்ஸ் குழாயிலும், மற்றதைக் கனமான ஆக்சிஜன் நிரப்பிய குழாயிலும் வைத்து, இரண்டையும் ஒரே உலையில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று நாள் சுட வேண்டும். கனமான ஆக்சிஜனும் ஆக்சிஜன்தான். அணுக்கருவில் இரண்டு நியூட்ரான் கூடுதல், அவ்வளவே. அது மெல்ல உள்ளே போய்ப் பழைய ஆக்சிஜனின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். முடிவில் இரண்டு துண்டுகளுக்கும் எடை தவிர வேறு வித்தியாசம் இருக்காது. அதன் பிறகும் இரண்டும் வெவ்வேறு வெப்பநிலையில் காந்தமானால், எலக்ட்ரான் அணுக்களை இழுத்துக்கொண்டுதான் போகிறது என்று சொல்லலாம். டீச்சரின் கனமான துண்டு, மற்றதைவிட நன்றாகத் தாழ்ந்த வெப்பநிலையில் காந்தமானது. எல்லாருக்கும் சந்தோஷம். பேராசிரியர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்.

சூடும் நேரமும் அழுத்தமும் இரண்டு குழாய்க்கும் ஒன்றாக இருந்தால்தான் இதற்கு மதிப்பு. அதைப் பார்த்துக்கொண்டவன் நான்.

என்னிடம் இரண்டு நோட்டுகள் உண்டு. சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு. உலை அருகே நின்றபடியே அதில் கிறுக்குவேன். மேசையில் பெரிய பதிவேடு. வெள்ளிக்கிழமை பிற்பகலில் சிறு நோட்டைப் பார்த்து அதில் திருத்தமாக எழுதுவேன். சிவப்புக் கோடு, கறுப்பு மை, அடித்தல் திருத்தல் கிடையாது. அந்தப் பதிவேட்டைப் புதிய மாணவர்களுக்கு எடுத்துக் காட்டுவார்கள். ஆண்டு முடிந்ததும் சிறு நோட்டுகளை எறிந்துவிடுவேன்.

டீச்சரின் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் உள்ள அட்டவணைகளை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லி டீச்சர் என்னிடம் கொடுத்திருந்தார். "அண்ணன் பார்த்துட்டா போதும், அதுக்கு மேல சாமி பார்த்துக்கும்," என்றார். அட்டவணையைப் பதிவேட்டோடு ஒப்பிட்டாலே போதும். நான் பதிவேட்டைச் சிறு நோட்டோடும் ஒப்பிட்டேன். யாரும் கேட்காத வேலை அது.

பதிவேட்டில் ஒவ்வொரு நாள் காலைக்கும் இரண்டு வரிகள். முதல் வரியில் ஒன்றாம் குழாயின் அழுத்தம். அடுத்த வரியில் இரண்டாம் குழாய்க்கு எண்ணுக்குப் பதில் மேற்படிக் குறி, அந்த இரண்டு சின்னக் கோடுகள். கடைசி நாளுக்கும் அப்படியே.

சிறு நோட்டில் கடைசி நாளுக்கு மேற்படிக் குறி இல்லை. உலை குளிர ஆரம்பித்திருந்த காலை அது. குளிரும்போது இரண்டு குழாயிலும் அழுத்தம் இறங்கும். இரண்டாம் குழாயில் அதைவிட அதிகமாக இறங்கியிருந்தது; ஒன்றாம் குழாயில் இருந்ததில் பாதிதான் இருந்தது. எண்ணை எழுதி, பக்கத்தில் என் கையெழுத்திலேயே "நட்டு தளர்வு, அரைச் சுற்று இறுக்கினேன், டீச்சரிடம் சொல்லணும்" என்று எழுதியிருந்தேன்.

சொல்லவில்லை. அன்று அவர் வரவில்லை, மகனுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை பதிவேட்டில் ஏற்றும்போது ஒன்றாம் குழாயின் எண்களை வரிசையாக எழுதிவிட்டு, அடியில் கோடுகளைப் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். பக்கம் அழகாக இருந்தது.

கனமான ஆக்சிஜன் இருந்த குழாய்தான் இரண்டாவது. குளிரும் நேரத்தில் அழுத்தம் குறைந்தால் வில்லையிலிருந்து ஆக்சிஜன் கொஞ்சம் வெளியேறிவிடும். ஆக்சிஜன் குறைந்த வில்லையும் தாழ்ந்த வெப்பநிலையில்தான் காந்தமாகும். டீச்சர் அளந்த வித்தியாசம் அணுவின் எடையால் வந்ததா, நான் முதலிலேயே சரியாக இறுக்காமல் விட்ட நட்டால் வந்ததா? தராசு பதில் சொல்லாது. கனமான ஆக்சிஜன் முழுவதும் ஏறாமல் போனாலும் எடை குறையும். ஏறிய பிறகு கொஞ்சம் வெளியேறினாலும் குறையும். அமிலத்தில் கரைத்து ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கலாம். கரைத்தால் துண்டு இருக்காது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் அந்தப் பெரிய படம்.

டீச்சர் பகலில் வந்து, "அண்ணே, டேபிள் எல்லாம் ஓகேவா?" என்று கேட்டார்.

"பாதி பார்த்திருக்கேன் டீச்சர்," என்றேன். அது பொய். முழுவதும் பார்த்து முடித்திருந்தேன்.

அன்று அவரோடு ரயிலில் போகாமல், வேலை இருப்பதாகச் சொல்லி ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினேன். சிறு நோட்டு சட்டைப் பையில் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் நிலையத்துக்குக் கீழே உள்ள குப்பைத் தொட்டியின் முன்னால் நின்றேன். எதற்கு நின்றேன் என்று இப்போது வேறு விதமாக எழுத முடியாது. நோட்டைக் கையில் எடுத்திருந்தேன். துப்புரவு செய்யும் அம்மா ஒருவர் தொட்டியின் பையை மாற்றிக்கொண்டிருந்தார்.

"போடணுமா அண்ணே? போடுங்க, நான் கட்டப் போறேன்," என்றார்.

"இல்ல அக்கா," என்று சொல்லி நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். அவர் அங்கே இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

வியாழக்கிழமை முழுவதும் நாட்களை எண்ணினேன். ஒரே ஒரு வழி இருந்தது. துண்டுகளை இடம் மாற்ற வேண்டும். முன்பு சாதாரண ஆக்சிஜனில் இருந்ததைக் கனமானதிலும், கனமானதில் இருந்ததைச் சாதாரணத்திலும் வைத்து, இந்தத் தடவை கசிவில்லாமல் சுட வேண்டும். இப்போது கனமாகும் துண்டு காந்தமாகும் வெப்பநிலை அதே அளவு இறங்கினால் பழைய முடிவு சரி. இறங்கவே இல்லை என்றால் மூன்றாவது அத்தியாயம் இல்லை. சுட மூன்று நாள், குளிர ஒரு நாள், அளக்க இரண்டு நாள். சின்ன சிலிண்டரில் கனமான ஆக்சிஜன் ஒரு தடவைக்குத்தான் மிச்சம். துண்டுகளை மாற்றிய அந்த நிமிடமே பழைய நிலை அழிந்துவிடும். அவருடைய நான்கு ஆண்டு உழைப்புக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த இரண்டு துண்டுகள். அவருக்குத் தெரியாமல் நான் அவற்றைத் தொட முடியாது. வெள்ளிக்கிழமை பிற்பகலுக்குள் உலையை மூடாவிட்டால் தேர்வுக்கு முன் அளந்து முடியாது.

இவ்வளவும் தெளிவாகத் தெரிந்தது. எழுதிக்கூட வைத்தேன். தெரிந்துகொண்டே வியாழக்கிழமையைக் கடத்தினேன். டீச்சர் எதிரில் வந்தபோதெல்லாம் தராசு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இடுக்கியால் எடைக்கல்லைப் பிடித்தேன். அது தட்டின் விளிம்பில் மோதியது. எண் நிலைக்கவே இல்லை.

வீட்டில் என் மனைவி தட்டைப் பார்த்தார். "ரெண்டு நாளா சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு வைக்கிறீங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டர்?"

"மறைக்காதீங்க லா. போன வாரம்தானே ரத்தம் கொடுத்தீங்க."

"அது நல்லாத்தான் இருக்கு. இது வேலை விஷயம்." குழாய், நட்டு, கோடு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாதியிலேயே சிரித்துவிட்டார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, இதுக்கா? நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"அந்தப் புள்ளைக்குப் பட்டம் போயிடுமா?"

"போகலாம்."

"நீங்க சொன்னா போகுமா, சொல்லாட்டி போகுமா?"

தட்டைத் தள்ளி வைத்தேன். சொல்லாவிட்டால் பட்டம் போகாது. அதுதான் பயமே.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு மலாய் நண்பர்கள் தொழுகைக்குப் போய்விட, மாடி அமைதியாக இருந்தது. டீச்சர் உலை அறைக்குப் பக்கத்து மேசையில் தேர்வுக்கான படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சிறு நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். பதிவேட்டையும் திறந்து பக்கத்தில் வைத்தேன். விரலால் காட்டினேன். நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அவர் இயற்பியல் ஆசிரியை.

இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்பப் பார்த்தீங்க?"

"புதன்கிழமை."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"ஆமா."

"நேத்து என்னைப் பார்த்துட்டு ரூமுக்குள்ள போனீங்க. ஒடம்பு சரியில்லன்னு நெனச்சேன். பனடோல் வாங்கிட்டு வந்து உங்க மேசையில வச்சேன்."

மாத்திரையைப் பார்த்திருந்தேன். யார் வைத்தது என்று யோசிக்கவில்லை.

இடம் மாற்றிச் சுடுவதைப் பற்றிச் சொன்னேன். நாட்கணக்கு எழுதிய தாளைக் கொடுத்தேன்.

"மாத்திப் போட்டா பழசு போயிடும்," என்றார்.

"ஆமா டீச்சர்."

"வித்தியாசம் வரலைன்னா?"

"கையில ஒண்ணும் இருக்காது."

"அப்படியே விட்டுட்டா?"

"உங்ககிட்ட அளவு இருக்கு, படம் இருக்கு. தேர்வுல யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"இப்ப எனக்கும் தெரியும்," என்றார். "நல்லா தெரிய வச்சிட்டீங்க." எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "லீவு முடிஞ்சு ஸ்கூலுக்குப் போயிட்டா அவ்வளவுதான் அண்ணே. அறுபது பிள்ளைங்க நோட்டு, வீட்டுல ரெண்டு, அதுக்கு மேல எவ வந்து உலை மூட்டுவா?" என்று ஜன்னலைப் பார்த்தே சொன்னார். பிறகு திரும்பி, "உலை இப்ப என்ன சூட்டுல இருக்கு?" என்று கேட்டார்.

"காலியா இருக்கு. காலையிலேயே ரெடி பண்ணிட்டேன். நட்டுக்கு உள்ள இருக்கிற வளையத்தையும் புதுசா மாத்திட்டேன்."

"அதெல்லாம் கரெக்டா பண்ணுவீங்க," என்றார். அது பாராட்டில்லை.

பேராசிரியரிடம் இருவரும் போனோம். ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருக்கும் சீன அம்மையார். நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். "உன் பதிவேட்டை நான் படித்ததே இல்லை, தெரியுமா? படிக்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தேன்," என்றார். பிறகு டீச்சரைப் பார்த்து, துண்டுகள் உன்னுடையவை, முடிவும் உன்னுடையது என்றார். மூன்றே முக்கால் மணிக்கு உலையை மூடினோம்.

அந்த மூன்று நாளும் நான் பயந்தது மின்னலுக்கு. இந்தப் பக்கம் மாலை நாலு மணி ஆனால் இடி. மின்சாரம் ஒரு நொடி விட்டு வந்தாலும் எங்கள் உலை நின்றுவிடும். யாராவது பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி சூடாகும். சனிக்கிழமை மழை வராமல் தப்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே வானம் கறுத்தது. உலைக்கு முன்னால் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இடி ஒவ்வொன்றுக்கும் தோள் தானாக மேலே போனது. நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு விளக்கு அணைந்து எரிந்தது. பொத்தானை அழுத்தினேன். வெப்பமானியில் எண் இறங்கி, நின்று, திரும்ப ஏறும்வரை பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு டீச்சர் நனைந்து வந்தார். கணவர் கிள்ளானிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போயிருந்தார். கையில் இரண்டு நாசி லெமாக் பொட்டலம்.

"கரண்ட் போச்சா?"

"ரெண்டு செகண்டு. பதினொரு டிகிரி இறங்கி ஏறிடுச்சு. ரெண்டு குழாய்க்கும் ஒரே மாதிரிதான்."

"எழுதினீங்களா?"

"எழுதியிருக்கேன்."

"காட்டுங்க."

நான்கு ஆண்டில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நோட்டை நீட்டினேன். வரியை விரல் வைத்துப் படித்தார். அழுத்தமானிகள் இரண்டையும் அவரே குனிந்து பார்த்தார். பிறகு ஒரு பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். "சாப்பிடுங்க. நீங்க மயக்கம் போட்டு விழுந்தா பொத்தான் யார் அழுத்துறது?"

சாப்பிட்டேன். சம்பல் காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. அது வசதியாகப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை குழாய்களைத் திறந்தோம். புதன்கிழமை முதல் துண்டை அளந்தோம், இப்போது சாதாரண ஆக்சிஜனில் இருப்பதை. வெள்ளிப் பசை வைத்து நான்கு மெல்லிய கம்பிகளை ஒட்டி, திரவ நைட்ரஜனுக்கு மேலே தொங்கவிட்டு, மெதுவாகச் சூடேற்றினால் மின்தடை ஒரு குன்று போல ஏறி இறங்கும். குன்றின் உச்சி எந்த வெப்பநிலையில் இருக்கிறதோ, அங்கேதான் காந்தமும் மாறுகிறது. சாதாரணத் துண்டின் உச்சி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வந்தது.

வியாழக்கிழமை கனமான துண்டு. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வித்தியாசம் இருந்தால், நேற்றைய உச்சி வருவதற்கு முன்பே இன்றைய கோடு வளைய வேண்டும். டீச்சர் திரையைப் பார்க்க மாட்டேன் என்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க அண்ணே."

"ஏறிட்டே இருக்கு."

"இப்ப?"

"ஏறுது."

"நேத்து உச்சிக்கு எவ்வளவு முன்னாடி இருக்கோம்?"

சொன்னேன். பழைய வித்தியாசம் சரியாக இருந்திருந்தால் கோடு ஏற்கெனவே வளைந்திருக்க வேண்டும். வளையவில்லை. அவர் காதைப் பொத்திக்கொண்டார். நான் திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த புள்ளி ஏறியது. அதற்கடுத்தது ஏறியது. அதற்கடுத்தது முந்தையதன் மட்டத்திலேயே விழுந்தது. பிறகு ஒன்று கீழே. இன்னொன்று கீழே. ஆறு புள்ளி இறங்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

"வளைஞ்சிடுச்சு," என்றேன்.

பழைய வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தது. மிச்சம் ஒரு பங்கு என்னுடைய நட்டு. எலக்ட்ரான் அணுக்களை இழுத்துக்கொண்டுதான் போகிறது. நாங்கள் சுவரில் ஒட்டியிருந்த அளவுக்கு இல்லை. டீச்சர் எழுந்து போய்ப் படத்தைச் சுவரிலிருந்து உரித்தார். பசை போட்ட இடத்தில் சுண்ணாம்பும் கூட வந்தது. அன்று மாலை வரை உட்கார்ந்து புதிய எண்களோடு இரண்டு பக்கம் எழுதினார். என் சிறு நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அதில் சேர்த்தார். சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை தேர்வு நடந்த அறைக்கு வெளியே நடைபாதையில் நின்றேன். ஒரு மணி நேரம் கழிந்து கதவு திறந்தது. டீச்சர் தலையை மட்டும் நீட்டினார். "நோட்டு எழுதினவரைப் பார்க்கணுமாம்."

உள்ளே மூன்று தேர்வாளர்கள். வெளியிலிருந்து வந்தவர் மெல்லிய குரலில் பேசும் மலாய்க்காரர். பதிவேட்டின் பக்கத்தைக் காட்டி, இந்தக் குறிகளைப் போடும்போது சிறு நோட்டைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்ததாக நினைவு இருக்கிறது, ஆனால் பார்க்கவில்லை என்று பக்கம் சொல்கிறது என்றேன். கண்டுபிடித்ததும் ஏன் இரண்டு நாள் கழித்துச் சொன்னாய் என்றார். பயந்தேன் என்றேன். ஆங்கிலத்தில் அதற்கு மூன்று சொல் வேண்டியிருந்தது. அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

"முந்தைய ஆண்டுகளின் பதிவேடுகளிலும் இந்தக் குறி இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அவற்றின் சிறு நோட்டுகள்?"

"எறிந்துவிட்டேன்."

"அப்படியென்றால் அவை சரியா தவறா என்று..."

"எனக்குத் தெரியாது ஐயா," என்றேன். இருபத்தாறு ஆண்டில் அந்த மேசையில் எத்தனை பேர் பட்டம் வாங்கிப் போயிருக்கிறார்கள் என்று அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எண்ணத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

டீச்சருக்குப் பட்டம் உண்டு என்றார்கள், ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு துண்டையும் ஒரே ஒரு தடவைதான் அளந்திருக்கிறீர்கள்; புதிய வாயு வாங்கி, புதிய துண்டுகளில் சோதனையை முழுவதும் இன்னொரு முறை செய்து, மூன்று மாதத்தில் திருத்தம் கொடுங்கள் என்றார்கள். புதன்கிழமையே நான் வாயைத் திறந்திருந்தால் இரண்டு தடவை அளக்க நேரம் இருந்திருக்கும். அன்று மாலை ரயிலில் ஒன்றாக வந்தோம். சென்ட்ரலில் இறங்கும்போது டீச்சர், "சனிக்கிழமை சனிக்கிழமை வருவேன் அண்ணே. இருப்பீங்கல்ல?" என்று கேட்டார். இருப்பேன் என்றேன்.

வாயு வந்து சேர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் அவர் பள்ளிக்குத் திரும்பிவிட்டார். முதல் சனிக்கிழமை கையில் சிவப்பு மைக் கறையோடு வந்தார். வில்லையை அறுத்தோம், எடை போட்டோம், குழாய்களை ஏற்றினோம். பதிவேட்டை நான் திறக்கப் போனபோது அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீங்க வாசிங்க. நான் எழுதுறேன்."

ஒன்றாம் குழாயின் அழுத்தத்தை வாசித்தேன். எழுதினார். இரண்டாம் குழாயிடம் குனிந்தேன். முள் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் நின்றது. இருபத்தாறு ஆண்டாக ஒரு நொடியில் வாசித்த கருவி. இடது கண்ணை மூடிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எண் வாய்வரை வந்தது. சொல்ல முடியவில்லை.

"என்ன அண்ணே?"

"நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்க டீச்சர்," என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் குனிந்தார்.